முதற் பக்கத்தை எடுக்கச் சொன்னவர்கள்

மெய்யியல் துறையில் விரிவுரையாளராகப் புதிதாகச் சேருபவர்களுக்கு ஓய்வு பெற்ற ஒருவர் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று யாரோ ஒரு வழக்கத்தைத் தொடங்கி வைத்துவிட்டார்கள். இம்முறை மாட்டியவன் நான். விரிவுரையை எப்படித் தயாரிப்பது, வினாத்தாளை எப்படி அமைப்பது என்பதையெல்லாம் வேறு யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள். சொல்லாவிட்டாலும் தட்டுத்தடுமாறி நீங்களே பழகிக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு ஆய்வு மாணவியைப் பற்றி. அவளுடைய ஆய்வேட்டின் முதற் பக்கத்தை எடுத்துவிடும்படி இரண்டு தரப்பார் கேட்டார்கள். ஒரு தரப்பு எங்கள் பல்கலைக்கழகம், மற்றது அவளுடைய கோயில். வேறெந்த விடயத்திலும் ஒத்துப்போகாத இரண்டும் இந்த ஒன்றில் மட்டும் கைகோத்து நின்றன.

ஜெனிற்றா கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழிப் பிள்ளை. காற்றில் பட்டம் பிடித்து விளையாட வரும் வெள்ளைக்காரர்களின் விடுதிகளைத் தாண்டிப் போனால், வள்ளங்களை இழுத்து ஏற்றி வைத்திருக்கும் கரையோரத்தில் அவர்களுடைய வீடு. தகப்பன் அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். தாய் கருவாடு போட்டும் அண்ணன் கடலுக்குப் போயும் அவளைப் படிப்பித்தார்கள். அவள் எங்களிடம் பட்டம் முடித்து முதுதத்துவமாணி ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்த வருடத்தில், தென்மேற்குக் காற்று மூர்க்கமாக அடித்த ஒரு விடியற்காலையில் அண்ணனின் வள்ளம் கவிழ்ந்தது. வள்ளம் கரைக்கு வந்தது. அண்ணன் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் தலைப்பை மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். துன்பத்தைப் பற்றிக் கத்தோலிக்க மெய்யியல் மரபு என்ன சொல்லுகிறது, அது இன்றைய கேள்விகளுக்குத் தாக்குப்பிடிக்குமா என்பது புதிய தலைப்பு. நான் தில்லையடிக்காரன், முஸ்லிம். ஒரு கத்தோலிக்கப் பிள்ளை இந்தத் தலைப்போடு ஏன் என்னிடம் வந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். வேறு யாரும் எடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் துறையில் அப்போது சமயத்தைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். எத்தனை பேர் கும்பிடுகிறார்கள், எதற்காகக் கும்பிடுகிறார்கள், அதனால் யாருக்கு என்ன ஆதாயம் என்றெல்லாம் ஆராயலாம். அந்த நம்பிக்கைக்கு நியாயம் உண்டா, அது உண்மையா என்று யாராவது கேட்டால் மட்டும் அறையில் இருக்கும் எல்லாருக்கும் இருமல் வந்துவிடும். இப்போதும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த மரபோடு பழைய உறவு இருந்தது. அதன் பெரிய ஆசிரியர்கள் எங்கள் அரபு அறிஞர்களை வரி வரியாகப் படித்து, வரி வரியாகச் சண்டை பிடித்தவர்கள். சண்டைக்காரர் வீட்டுப் பிள்ளைதானே என்று ஜெனிற்றாவைச் சேர்த்துக்கொண்டேன்.

இங்கே இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பல வருடங்கள் என்னோடு ஒரே அறையில் இருந்து அளவையியல் படிப்பித்த ஒரு சிஸ்டர். அவருடைய வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. எதிர்த்துப் பேசுபவர் சொன்னதை முதலில் நீ திருப்பிச் சொல்லவேண்டும். அவர் “ஓம், அதுதான்” என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் பதில் சொல்ல உனக்கு அனுமதி. எழுதும்போதும் அப்படித்தான். முதலில் மறுப்பு வரவேண்டும், அதுவும் மறுப்பவரே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார் என்னும்படி வரவேண்டும். பதில் அதற்குப் பின்னால். பழைய கத்தோலிக்கக் கலாசாலைகளில் இப்படித்தான் வாதாடினார்கள் என்பார் சிஸ்டர். துறைக் கூட்டங்களில் எங்கள்மேலும் இதைப் பிரயோகிப்பார். அதனால் கூட்டங்கள் நீண்டன, சண்டைகள் குறைந்தன. அவர் மாற்றலாகிப் போனபோது நாங்கள் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டோம்.

ஜெனிற்றா சிஸ்டரின் கடைசி வகுப்புகளில் இருந்தவள். ஆய்வேட்டை அந்த முறையிலேயே எழுதப்போவதாகச் சொன்னாள். நானும் சம்மதித்தேன். முதல் அத்தியாயத்தின் முதற் பக்கம் இப்படி இருந்தது:

“கடவுள் நம்மைக் கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. திருநாளில் மந்திரித்த வள்ளமும் மந்திரிக்காத வள்ளமும் ஒரே காற்றில் ஒரே மாதிரித்தான் கவிழ்கின்றன. கடல் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனவனும் போடாமல் போனவனும் ஒரே ஆழத்தில்தான் கிடக்கிறார்கள். போனவனுக்காக வீட்டில் ஒருத்தி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவருக்குக் கேட்கவில்லை என்றால் அவர் கடவுள் இல்லை. கேட்டும் விட்டுவிட்டார் என்றால், அவரிடம் இனிக் கேட்க ஒன்றுமில்லை.”

இரண்டாம் தரமும் வாசித்தேன். முப்பது வருடமாக மறுப்புகளை வாசித்தவன் நான். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

“யார்ட்ட கேட்ட மகள் இது? புத்தகத்தில இல்லையே” என்றேன்.

“ஊர்ல கேட்டது சேர்” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோயிலில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி படிப்பிப்பவள். தன்னோடு படிப்பிக்கும் ஒருவரிடம் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி அந்த அத்தியாயத்தைக் கொடுத்திருக்கிறாள். அவருக்கு முதற் பக்கத்திலேயே தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. அதைப் படம் பிடித்து இன்னொருவருக்கு அனுப்பினார். அவர் இன்னொருவருக்கு அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் கண்டக்குழியிலிருந்து குறிஞ்சிப்பிட்டி வரை எல்லார் கைபேசியிலும் அந்தப் பக்கம் இருந்தது. பின்னால் வந்த பதிலை யாரும் படம் பிடிக்கவில்லை. அந்த முறையில் எழுதுபவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஆபத்து இது. நம் சொந்த எதிரியை நாமே முன் வாசலில் நிறுத்திவிட்டு, நாம் உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நேரமும் மோசமான நேரம். திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திருநாளன்று கரையில் வள்ளங்களை வரிசையாக நிறுத்திக் குருவானவர் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்து மந்திரிப்பார். அதைத்தான் கோயிலிலேயே படிப்பிக்கும் ஒரு பிள்ளை வீண் என்று எழுதிவிட்டாள் என்று ஊர் கொதித்தது. பங்குச் சபை கூடி, பக்கத்தை எடுக்கவேண்டும், பூசை முடிந்து எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதுவரை மறைக்கல்வி வகுப்புக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டது.

அதே வாரம் பல்கலைக்கழகத்தில் அவளுடைய முன்னேற்ற மதிப்பீடு. குழுவின் தலைவர் எங்கள் துறைப் பேராசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், கடும் பகுத்தறிவாளர். கெட்ட மனிதர் அல்ல. மாணவர்களின் எழுத்தை மூன்று தரம் வாசிப்பவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் இந்த அத்தியாயத்தில் முதற் பக்கத்தைத் தாண்ட அவருக்கு மனம் வரவில்லை.

“பிள்ளை, இது ஆய்வேடு மாதிரி இல்லை, செத்தவீட்டு ஒப்பாரி மாதிரி இருக்கு. இந்தப் பக்கத்தை எடுத்துப்போட்டு, ஆய்வுப் பிரச்சினை, கருதுகோள் எண்டு முறையாத் தொடங்கும்” என்றார்.

சனிக்கிழமை ஜெனிற்றா பஸ் பிடித்துத் தில்லையடிக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“சேர், ரெண்டு பக்கமும் அதத்தான் சொல்றாங்க. நான் எடுத்திடுறன். எடுத்திட்டா எல்லாம் முடிஞ்சிடும்.”

“உனக்கு எடுக்க விருப்பமா?”

“விருப்பம் இல்ல சேர். ஆனா ஞாயிற்றுக்கிழம நான் கோயில்ல நிக்கணும். அண்ணன் போனதில இருந்து அம்மா பூசைக்குப் போறதில்ல. நானும் போகாட்டி எங்கட வீட்ட இருந்து ஒருத்தரும் இல்ல.”

எடுத்துவிடு என்று சொல்ல எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு பக்கம்தானே. மதிப்பீட்டில் தேறிவிடுவாள், கோயிலிலும் சேர்த்துக்கொள்வார்கள், நானும் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எல்லாரும் ஒரே தீர்வைச் சொல்லும்போது அதுதான் ஞானம் போலத் தெரியும். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தப் பக்கத்தை எடுத்தால் பின்னால் இருக்கும் முப்பது பக்கங்களும் யாருக்குச் சொல்லும் பதில்? கேள்வியில்லாத பதிலை அந்த ஊர் ஏற்கனவே வேண்டிய அளவு கேட்டிருந்தது. அது கடவுளின் சித்தம் என்று அண்ணனின் செத்தவீட்டில் ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“எடுக்காத. முதல்ல ரெண்டு பக்கத்தாரும் ஒண்டா இருந்து வாசிக்கட்டும்” என்றேன்.

சொல்வது சுலபம். அவள் போனதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். “நீங்க என்னத்துக்கு அவங்கட கோயில் விசயத்துல தலையப் போடுறீங்க? ஏதும் ஒண்டு நடந்தா உங்களத்தான் சொல்லுவாங்க.” அவர் சொன்னது நியாயம். இந்த நாட்டில் எங்கள் இரண்டு சமூகத்துக்கும் நடுவில் எவ்வளவு கண்ணாடி உடைந்து கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மந்திரிப்பதைப் பற்றிய சண்டைக்குள் ஒரு முஸ்லிம் போய் நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடுதான் கண்டக்குழி ஃபாதருக்குப் போன் பண்ணினேன்.

ஃபாதர் இளம் வயதுக்காரர். சிஸ்டரின் சட்டத்தைச் சொல்லி, அந்தச் சட்டப்படி ஊரும் பேராசிரியரும் ஒன்றாக இருந்து அத்தியாயத்தை வாசிக்க ஓர் இடம் கேட்டேன்.

“குருமடத்தில எங்களுக்கும் இந்த முறையப் படிப்பிச்சவங்க சேர். பங்குக்கு வந்த பிறகு அது எங்க போனதெண்டே தெரியல்ல” என்றார். பிறகு, “சனத்துக்கு விளங்குமா?” என்று கேட்டார்.

“விளங்காட்டி நீங்க என்னை ஏசலாம் ஃபாதர். ஆனா நான் என்ன சொன்னன் எண்டத முதல்ல திருப்பிச் சொல்லிட்டுத்தான் ஏசணும்.”

சிரித்துவிட்டார். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தைத் தருவதாகச் சொன்னார். பேராசிரியரை வரவழைத்தது மெய்யியல் அல்ல, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் சொல்லிவைத்த கற்பிட்டி நண்டு. அதை அவரே ஒப்புக்கொள்வார்.

அன்றைக்குக் காற்று மண்டபத்தின் தகரக் கூரையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஊரில் பாதி வந்திருந்தது. ஜெனிற்றாவின் தாய் உள்ளே வரவில்லை, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். ஊர் ஏதாவது சொன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர் போல இருந்தது. முன்வரிசைக் கதிரையில் பங்குச் சபைத் தலைவர். அவர் ஒரு சம்மாட்டி, பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். ஜெனிற்றாவின் அண்ணனைத் தேடி நாட்கணக்காகக் கடலில் அலைந்தவரும் அவர்தான்.

“மந்திரிக்கிறது வீண் எண்டு எழுதியிருக்கு. ஒரு மறைக்கல்வி டீச்சர் எழுதுற எழுத்தா சேர் இது?” என்று அவர்தான் தொடங்கினார்.

நான் சிஸ்டரின் சட்டத்தைச் சொன்னேன். “அண்ணன், நீங்க ஏசுங்க. நான் தடுக்க மாட்டன். ஆனா அந்தப் பக்கத்தில என்ன இருக்கெண்டு முதல்ல நீங்க சொல்லுங்க. பிள்ளை ‘ஓம், அதுதான்’ எண்டு சொன்ன பிறகு ஏசுங்க.”

“அதான் சொன்னனே. மந்திரிக்கிறதில ஒண்டும் இல்லயாம்.”

“இல்ல மாமா, அப்பிடி இல்ல” என்றாள் ஜெனிற்றா.

அவர் எரிச்சலோடு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார். இம்முறை மெல்ல வாசித்தார். “மந்திரிச்ச வள்ளமும் கவிழுது எண்டு சொல்றா. சரி. வீட்டில செபம் சொல்லச் சொல்ல ஆள் போயிட்டான் எண்டு சொல்றா. அப்ப அவருக்கு அது கேக்கல்லயா, இல்லாட்டிக் கேட்டும்...” அதோடு நின்றுவிட்டார்.

“ஓம் மாமா, அதுதான்.”

இப்போது அவர் ஏசலாம். எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு, “தேடித் திரிஞ்ச நேரம் நானும் இதத்தான் கேட்டன்” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்தது.

பேராசிரியரின் முறை வந்தது. ஜெனிற்றாவின் பதிலை ஏற்காதவர் என்ற முறையில் அதைத் திருப்பிச் சொல்லவேண்டியவர் அவர். “எல்லாம் நன்மைக்குத்தான், கடவுளிட்ட ஒரு திட்டம் இருக்கெண்டு சொல்லுறா. வேற என்னத்தைச் சொல்லப்போறா?”

“இல்ல சேர். அத நான் எழுதல்ல. அது செத்தவீட்டில சொல்றது.”

மண்டபத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேராசிரியர் கைப்பையைத் திறந்து அத்தியாயத்தை எடுத்தார். அந்த மனிதர் ஒன்றை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினால் கூரை பறந்தாலும் நிமிரமாட்டார். நாங்கள் எல்லாரும் அவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கடவுளை இன்னொரு காற்று மாதிரி நினைக்கக்கூடாது எண்டு சொல்லுறா” என்றார் கடைசியில். “ஒரு பக்கத்தால காற்றுத் தள்ள, மற்றப் பக்கத்தால அவர் பிடிச்சு நிறுத்துற மாதிரி இல்லை. மந்திரிக்கிறது காப்புறுதி இல்லை, போறவனை அவரிட்ட ஒப்படைக்கிறது. அப்ப ஏன் விட்டவர் எண்டதுக்கு இதில முழுப் பதில் இல்லை எண்டதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறா. ஆனா அவரிட்ட முறைப்பாடு சொல்லுறதும் செபந்தானாம். அதை அடக்கச் சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லையாம்.”

“ஓம் சேர். அதுதான்.”

“நான் ஏற்கேல்லை” என்றார் பேராசிரியர். “ஆனா இதில நியாயம் இருக்கு. இதை நான் முதலே வாசிச்சிருக்க வேணும்.”

அப்போதுதான் ஃபாதர் கேட்டார், யாரையும் குற்றம் பிடிக்கும் குரலில் அல்ல. “இந்த மறுப்பு எந்தப் புத்தகத்தில வருது மகள்? நான் படிச்சதில இல்ல.”

ஜெனிற்றா கையில் இருந்த தாளைப் பார்த்தாள். வாசற்படியில் இருந்து குரல் வந்தது.

“அது என்ட கதை ஃபாதர்.”

தாய் எழுந்து நின்றிருந்தார். மகளுக்கே அது எதிர்பாராதது என்று முகத்தில் தெரிந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் அந்த அம்மாவை உட்காரச் சொல்லிக் கூட்டத்தை முடிப்பதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சட்டம் எழுதியவளுக்கும் பொருந்தும். மறுத்தவர் எதிரே நிற்கிறார். அவர் சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறாளா என்று அவரிடம் கேட்காமல் எப்படி விடுவது? அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் என் வேலைக்காலத்திலேயே அதிகம் தைரியம் தேவைப்பட்டது.

“அம்மா, மகள் நீங்க சொன்னதச் சரியா எழுதியிருக்கிறாவா? வாசிக்கட்டுமா?”

அவர் தலையாட்டினார். ஜெனிற்றா முதற் பக்கத்தை வாசித்தாள். ஊர் முழுக்க வாசித்துக் கொதித்த அதே பக்கம்தான். செபமாலை என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, தாயைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். தாய் கடைசி வரி வரை அசையாமல் நின்று கேட்டார்.

“ஓம், அதுதான்” என்றார். பிறகு ஊரைப் பார்த்தார். “மகன் போன பிறகு எல்லாரும் எனக்குப் பதில் சொன்னீங்க. நான் என்ன கேட்டன் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல.”

ஃபாதர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இனிப் பதில வாசி மகள்” என்றார் தாய்.

அவள் பதிலையும் வாசித்தாள். தாய் உள்ளே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், “இது போதாது” என்றார்.

“ஓம் அம்மா” என்றாள் ஜெனிற்றா.

அதற்குப் பிறகு மன்னிப்பைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. சம்மாட்டி வெளியே போகும்போது, “வாற ஞாயிறு வகுப்புக்கு வா மகள், பிள்ளையள் உன்னத்தான் கேக்குதுகள்” என்று சொல்லிவிட்டுப் போனார். பேராசிரியர் மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டு வரிகள் எழுதினார். முதற் பக்கம் அப்படியே இருக்கட்டும். பதில் போதாது, இன்னும் எழுதவேண்டும். நான் அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன். “அது என்ரை கருத்து இல்லை, தாயின்ரை. நான் கையெழுத்து மட்டும்தான் வைச்சனான்” என்றார்.

ஜெனிற்றா பல மாதங்கள் இருந்து எழுதினாள். ஒவ்வொரு பகுதியையும் தாய்க்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எனக்கு அனுப்புவாள். எங்கள் துறையில் அதைவிடக் கடுமையான பரீட்சகர் யாரும் இருக்கவில்லை. வாய்மொழிப் பரீட்சையில் அவள் தடுமாறாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு பக்கம் வரும். நம்பிக்கை உள்ளவர்கள் அதை எடுக்கச் சொல்லுவார்கள், நம்பிக்கை இல்லாதவர்களும் எடுக்கச் சொல்லுவார்கள். இரண்டு பேருக்கும் அவரவர் காரணம் இருக்கும், இரண்டு பேரும் நல்லவர்களாகவும் இருப்பார்கள். அவர்களில் யாரும் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள். அவர்களைப் புரட்டவைப்பதுதான் நம்முடைய சம்பளத்துக்கு நாம் செய்யும் வேலை என்று நான் நினைக்கிறேன். இதை நான் கற்றது ஒரு சிஸ்டரிடம், சோதித்துப் பார்த்தது ஒரு கோயில் மண்டபத்தில். என் மார்க்கத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

அடுத்த வருடத் திருநாளுக்கு ஃபாதர் என்னையும் மனைவியையும் அழைத்திருந்தார். மனைவியும் வந்தார், புறுபுறுத்துக்கொண்டேதான். வள்ளங்களுக்கு வர்ணக் கடதாசி கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பூசைக்கு மணி அடித்தபோது ஜெனிற்றாவின் தாய் வெள்ளைச் சீலை உடுத்துக் கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு நின்றார்.

“இப்ப மகள்ட பதில் போதுமா?” என்று கேட்டேன்.

“போதாது சேர்” என்றார். “ஆனா இப்ப நான் அவரிட்டயே நேராக் கேக்கிறன்.”

சொல்லிவிட்டு உள்ளே போனார்.